பூச்சியை நெருங்கி எடுத்தால் உடம்பில் வெள்ளை எரிகிறது, பின்னணி கறுப்பாகிறது: லென்ஸை மாற்ற வேண்டுமா?

மலர், ஃபீனிக்ஸ்

எல்லாருக்கும் வணக்கம். டர்பனில் ஃபீனிக்ஸ் பகுதியில் இருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் ஓடைக்கரையில் எருக்கு இனத்துச் செடி ஒன்று ஆள் உயரத்துக்கு வளர்ந்து நிற்கிறது. ஒடுங்கின இலை, சின்ன வெள்ளைப் பூ. காய் மட்டும் எலுமிச்சம்பழத்தை விடப் பெரிதாகக் காற்றடைத்து, மேலெல்லாம் மென்முள்ளோடு தொங்குகிறது. கிள்ளினால் பால் வடியும். நுனித்தண்டில் மஞ்சள் அசுவினி அடை அடையாக இருக்கிறது. அதைத் தின்னப் பொறிவண்டு வருகிறது, தேனுக்குக் குளவி வருகிறது, இலையில் வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு மேய்கிறது. ஒரே செடியில் இவ்வளவு நடக்கும்போது விட்டுவிட்டு வர மனசில்லை. வேலைக்குக் கிளம்புமுன் தினமும் போய் நிற்கிறேன்.

என்னிடம் இருப்பது ஏபிஎஸ்-சி சென்சார் கேமரா, 50 மிமீ லென்ஸ், 12, 20, 36 மிமீ எக்ஸ்டென்ஷன் டியூப் மூன்று (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டுகிற வெற்றுக் குழாய்; கேமராவிலிருந்தே அபெர்ச்சரை, அதாவது லென்ஸின் துளையை, மாற்ற முடிகிற வகை), ஒரு சாதாரண ஃபிளாஷ். மூன்று டியூபையும் மாட்டி எஃப்/22-இல் எடுக்கிறேன். குளவியின் கறுத்த முதுகில் வெள்ளைப் பொட்டு எரிகிறது, பின்னால் எல்லாம் இருட்டு. ஒரு கண் மட்டும் தெரிகிறது, அதுவும் மங்கல். புது மேக்ரோ லென்ஸ் வாங்கினால் சரியாகுமா? பூச்சியைப் பிடித்துக் கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜில் வைத்தால் அசையாமல் இருக்கும் என்று ஒருவர் சொன்னார். எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் கேட்டுவைக்கிறேன்.

இன்னொன்று. குளவியின் காலில் மஞ்சளாகச் சின்னதாக ஏதோ தொங்குகிறது. அது உண்ணியா?

டோங்காட் தம்பி

அக்கா, காசு இருந்தால் 100 மிமீ மேக்ரோ வாங்கிவிடுங்கள். 50-இல் மூன்று டியூபையும் போட்டால் லென்ஸ் முகப்பிலிருந்து பூச்சி ஐந்தாறு சென்டிமீட்டரில் இருக்க வேண்டும், எந்தக் குளவி நிற்கும்? 100 மிமீ-இல் பூச்சியின் சொந்த அளவுக்கே எடுத்தாலும் ஏறக்குறைய பதினைந்து சென்டிமீட்டர் இடைவெளி கிடைக்கும். ஃப்ரிட்ஜ் வேண்டவே வேண்டாம்.

சில்வர்க்ளென் வாத்தியார்

தம்பி சொன்ன இடைவெளிக் கணக்கு சரி. ஆனால் மலர், லென்ஸ் இப்போது வேண்டாம். அந்தப் பணத்தை வைத்திருங்கள். உங்கள் படத்தைக் கெடுப்பது வெளிச்சம்.

நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவன். சனிக்கிழமை காலை சாட்ஸ்வொர்த் சில்வர்க்ளென் காப்புக்காட்டில்தான் இருப்பேன், அங்கே இதே செடியோடு நிறையப் பழகியிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

குளவியின் முதுகு வழவழப்பான ஓடு. அது கண்ணாடி மாதிரி எதிரில் இருப்பதைக் காட்டும். ஃபிளாஷின் சின்ன முகம் எதிரில் இருந்தால் அதுதான் வெள்ளைப் பொட்டாகத் தெரியும், எந்த லென்ஸ் போட்டாலும் தெரியும். அந்த முகத்தைப் பெரிதாக்க வேண்டும். கடையில் இரண்டு லிட்டர் பால் வாங்குகிற வெள்ளை பிளாஸ்டிக் கேன் இருக்கிறதே, அதைக் கழுவிக் காயவைத்து, ஒரு பக்கத்தை வளைவாக வெட்டி ஃபிளாஷ் முன்னால் கட்டுங்கள். லென்ஸ் நுனிக்கு மேல் அது குடையாக நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பொருட்களைச் சுற்றி வரும் மெல்லிய வெள்ளை ஃபோம் தாள் கிடைத்தால் உள்ளே ஒரு படலம் ஒட்டிவிடுங்கள். பூச்சிக்கு எவ்வளவு கிட்ட வருகிறதோ அவ்வளவு நல்லது, அதன் பார்வையில் அந்த வெளிச்சம் ஒரு வானமாகிவிட வேண்டும். பொட்டு போய், முதுகின் வளைவைக் காட்டும் மென்மையான பளபளப்பு வரும். அசுவினியின் முதுகில் நிறம் திரும்பி வரும்.

அடுத்தது எஃப்/22. மங்கலுக்குக் காரணம் அதுதான். நெருங்க நெருங்க லென்ஸ் சென்சாரிலிருந்து விலகுகிறது, அதனால் அபெர்ச்சர் எண்ணும் கூடுகிறது. எண்ணை (1 + உருப்பெருக்கம்) ஆல் பெருக்கிப் பாருங்கள். மூன்று டியூபும் சேர்ந்தால் 68 மிமீ, 50-ஆல் வகுத்தால் 1.36 மடங்கு. 22-ஐ 2.36-ஆல் பெருக்கினால் 52. அவ்வளவு சின்னத் துளையில் ஒளி விளிம்பில் வளைந்து பரவி எல்லாவற்றையும் கரைத்துவிடும். 36 மிமீ டியூபை மட்டும் போடுங்கள்: 0.72 மடங்கு. சட்டத்தின் அகலம் மூன்று சென்டிமீட்டர் வரும், குளவி முழுசாக அடங்கும், இடைவெளியும் கூடும். எஃப்/11 வையுங்கள், அது ஏறக்குறைய 19 ஆக நடந்துகொள்ளும், பரவாயில்லை.

அந்த நிலையில் கூர்மை சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் ஆழத்துக்குத்தான் இருக்கும். அதை வீணாக்காதீர்கள். முன்னாலிருந்து எடுத்தால் ஒரு கண்ணோடு முடிந்துவிடும். பக்கவாட்டில் போய், கேமராவின் முதுகும் குளவியின் உடம்பும் ஒரே தளத்தில் இருக்கும்படி திரும்பினால் தலை, மார்பு, வயிறு மூன்றும் அந்த ஒன்றரை மில்லிமீட்டருக்குள் வந்துவிடும். ஃபோகஸ் வளையத்தைத் தொடாமல் உடம்பை முன்னும் பின்னும் அசைத்துப் பிடியுங்கள். இடது கையால் தண்டை இலேசாகப் பிடித்து, அதே கையின் மேல் லென்ஸை வைத்துக்கொண்டால் காற்றில் செடி ஆடினாலும் கேமராவும் கூடவே ஆடும். தண்டை ஒடித்துவிடாதீர்கள், பால் கையில் பட்டால் கழுவாமல் கண்ணைத் தொடக்கூடாது. எருக்கம்பாலுக்குச் சொல்கிற அதே எச்சரிக்கைதான்.

கேமராவை மேனுவலில் ஷட்டர் 1/160 விநாடி, ஐஎஸ்ஓ 200-இல் விட்டுவிட்டு ஃபிளாஷ் சக்தியை மட்டும் ஏற்றி இறக்குங்கள். குறைந்த சக்தியில் ஃபிளாஷ் விநாடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட எரியாது, அசைவை நிறுத்துவது அந்தக் குறுகிய மின்னல்தான். பின்னணி கறுப்பாவது ஃபிளாஷ் அவ்வளவு தூரம் எட்டாததால். பூச்சிக்குப் பின்னால் ஒரு கை தூரத்துக்குள் இலை வருகிற கோணத்தைத் தேடுங்கள், பச்சை வந்துவிடும்.

இப்போது அந்த மஞ்சள். அது உண்ணி இல்லை, மலர். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: கறுப்பாக, கடுகில் பாதிகூட இல்லாத ஒரு கவ்வி, அதிலிருந்து இரண்டு மெல்லிய காம்பு, ஒவ்வொன்றின் நுனியிலும் தட்டையான ஒரு மஞ்சள் பை. அது மகரந்தம். எருக்கு இனத்தில் மகரந்தம் பொடியாக உதிராது, பொட்டலமாகவே போகும். பூவின் நடுவில் ஒரு தூண் நிற்கிறது இல்லையா, அதைச் சுற்றி ஐந்து பிளவு. தேன் குடிக்க வந்த குளவியின் கால் அந்தப் பிளவில் வழுக்கி இறங்கும், அது காலை இழுக்கும்போது கவ்வி பற்றிக்கொண்டு பொட்டலத்தோடு வெளியே வரும். அடுத்த பூவில் மறுபடி கால் வழுக்கும்போது பை அந்தப் பிளவுக்குள் மாட்டி அறுந்து நின்றுவிடும்.

கோம்ஃபோகார்பஸ் ஃபைசோகார்பஸ் என்பது இதன் பெயர். நம் குவாசுலு-நாட்டல் மாகாணத்தில் இதற்கு மகரந்தம் சுமப்பவை முக்கியமாகக் குளவிகள். தன் சொந்த மகரந்தத்தால் இது காய்க்காது, இன்னொரு செடியிலிருந்து வர வேண்டும். ஆகவே உங்கள் ஓடைக்கரையில் தொங்குகிற ஒவ்வொரு காயும், ஏதோ ஒரு பூச்சியின் காலில் தொற்றி வேறு செடியிலிருந்து வந்த பொட்டலம்.

கண்ணில்தான் ஃபோகஸ் இருக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். இந்தச் செடியில் நான் அதை ஏற்கமாட்டேன். இங்கே கதை முழுக்கக் காலில் இருக்கிறது. கண் மங்கினாலும் சரி, கவ்வியும் பையும் கூர்மையாக வரட்டும். அந்தப் படம் எனக்கு எத்தனையோ அழகான குளவி முகங்களை விடப் பெரிது.

ஃப்ரிட்ஜ் பற்றி. செய்யாதீர்கள். குளிரில் விறைத்த பூச்சி காலை மடக்கிக்கொண்டு கிடக்கும், செடியோடு அதற்கு இருந்த உறவு படத்தில் இருக்காது. ஜூலை விடியலில் டர்பனில் 11, 12 டிகிரி வரை இறங்குகிறது. அந்த நேரத்தில் குளவியும் வண்டும் தாமாகவே மந்தமாக இருக்கும், பனித்துளியோடு இருக்கும். சூரியன் ஏறுமுன் போனால் போதும். பத்து மணிக்கு மேல் கடல் காற்று கிளம்பினால் நான் கேமராவை மூடிவிட்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பேன்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் அக்கா

மலர், வாத்தியார் ஐயா சொன்னபடி குளவியின் காலில் இருப்பது உண்ணி இல்லைதான், ஆனால் புல்லில் முட்டி போடுகிறவர்கள் நிஜ உண்ணியை நினைவில் வைக்க வேண்டும். நான் செவிலி, டிக் பைட் ஃபீவர் (உண்ணி கடித்து வருகிற காய்ச்சல்) வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பேண்டை சாக்ஸுக்குள் விட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதின் பின்புறம் பாருங்கள். ஒட்டியிருந்தால் எண்ணெய், நெருப்பு எதுவும் வேண்டாம், நுனி கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். ஒரு வாரம் கழித்துக் காய்ச்சலும் கடுமையான தலைவலியும் வந்து, கடித்த இடத்தில் கறுத்த பொருக்கு இருந்தால் உடனே டாக்டரிடம் போய்ப் புல்லுக்குள் இருந்ததைச் சொல்லுங்கள். முதலிலேயே கொடுத்தால் மருந்து நன்றாகக் கேட்கும்.

முட்டி போடுமுன் குச்சியால் தரையைத் தட்டிப் பார்க்கவும் வேண்டும். பஃப் ஆடர் என்ற விஷப்பாம்பு ஆள் வந்தாலும் நகராமல் கிடக்கும்.

மேசைமலை அடிவாரம்

கேப் டவுனிலிருந்து ஒரு வார்த்தை. பால் கேன் யோசனையை இங்கே ரோரிடுலாவில் போட்டுப் பார்த்தேன், அருமை. மேற்குக் கேப் மலைகளில் மட்டும் வளர்கிற புதர் அது, மொத்தமே இரண்டு இனம். இலை முழுக்கப் பிசின் தடவிய ரோமம், பூச்சி வந்தால் ஒட்டிக்கொள்ளும். ஆனால் அந்தச் செடியால் செரிக்க முடியாது. பமெரிடியா என்ற நாவாய்ப்பூச்சி இனம் அதன் மேலேயே குடியிருக்கிறது. ஒட்டிய பூச்சியை அது உறிஞ்சும், அதன் எச்சத்திலிருந்து செடி இலை வழியாகச் சத்தை எடுத்துக்கொள்ளும். பமெரிடியா மட்டும் பிசினில் ஒட்டுவதில்லை, அதன் உடம்பில் வழுக்கும் எண்ணெய்ப் படலம் உண்டு. ஒவ்வொரு ரோமத்தின் நுனியிலும் ஒரு பிசின் துளி, ஒவ்வொரு துளியிலும் ஃபிளாஷ் தெரியும் என்பதால் நேரடி ஃபிளாஷ் அங்கே பயன்படவே படாது. பக்கத்திலேயே ஈரமணலில் டிரோசீரா என்ற பூச்சியுண்ணும் செடி இருக்கும். அதன் துளி நீர்ப்பசை, காய்ந்த காற்றில் சுருங்கிவிடும், காலையிலேயே எடுக்க வேண்டும். ரோரிடுலாவின் பிசின் துளி மதியமும் அப்படியே நிற்கும்.

நான் இங்கே எழுத வந்தது வேறு விஷயத்துக்காக. செல்பேசியில் எடுக்கிற படத்தில் இடத்தின் ஜிபிஎஸ் குறிப்பும் சேர்ந்து போகிறது. வட கேப், மேற்குக் கேப் வறண்ட நிலங்களில் கூழாங்கல் அளவே உள்ள கோனோஃபைட்டம் செடிகளை வேரோடு தோண்டி வெளிநாட்டுக்குக் கடத்துகிறார்கள். 2019-க்குப் பிறகு அது மிகவும் கூடிவிட்டது. உயிரினங்களைப் பதிவுசெய்கிற ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் போட்டால் அழியும் நிலையிலுள்ள இனங்களின் இடத்தை அதுவே மறைத்துவிடும், மற்ற இடங்களில் நாம்தான் மறைக்க வேண்டும். உங்கள் ஓடைக்கரைச் செடிக்கு ஆபத்தில்லை. ஆனால் இந்தப் பழக்கம் இன்றே வரட்டும், நாளைக்கு நீங்கள் அரிய செடி ஒன்றைக் கட்டாயம் பார்ப்பீர்கள்.

மலர், ஃபீனிக்ஸ்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பால் கேன் வெட்டியாகிவிட்டது. ஒரு டியூப், எஃப்/11, பக்கவாட்டுக் கோணம். குளவியின் முதுகில் அந்த வெள்ளை போய்விட்டது! அசுவினி மந்தையில் சில மட்டும் பழுப்பாக உப்பி, காகிதம் போல நிற்கின்றன, அவை செத்தவையா?

ஐயா, காலில் கறுப்புக் கவ்வி தெளிவாகத் தெரிகிறது. ஆனால் ஒரு காலில் இரண்டு பை, இன்னொரு காலில் கவ்வி மட்டும்தான், பை இல்லை. படம் இணைத்திருக்கிறேன்.

சில்வர்க்ளென் வாத்தியார்

படம் நன்றாக வந்திருக்கிறது மலர். பை இல்லாத கவ்விதான் இதில் முக்கியம். அந்தக் குளவி பெரும்பாலும் ஏற்கெனவே ஒரு பூவில் பொட்டலத்தை இறக்கிவிட்டு வந்திருக்கிறது. ஒரே காலில் சுமையும், சுமை இறக்கின அடையாளமும் சேர்ந்து கிடைத்தால் அதையும் எடுங்கள். சில சமயம் ஒரு கவ்வியின் மேல் இன்னொரு கவ்வி மாட்டிச் சங்கிலியாகத் தொங்கும், அதையும் பார்க்கலாம்.

பழுப்பாக உப்பிய அசுவினிக்குள் எறும்பை விடச் சிறிய ஒரு குளவியின் புழு வளர்ந்திருக்கும். முதுகில் வட்டமாக ஓட்டை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது. ஓட்டை இல்லாததைக் குறித்துவைத்துக்கொண்டு தினமும் பாருங்கள், வெளியே வருகிற நேரம் வாய்த்தால் மூன்று டியூபும் மாட்டலாம். எஃப்/8-க்கு மேல் போகாதீர்கள். அந்தச் செத்த அசுவினி நகராது என்பதால் ஃபோகஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பல படம் எடுத்துக் கணினியில் அடுக்கிச் சேர்க்கவும் முடியும்.

அப்புறம், குளவி போன பிறகு அது நின்ற பூவையும் விடாதீர்கள். பக்கவாட்டிலிருந்து அந்தப் பிளவுக்கு நேராக வெளிச்சம் விழும்படி எடுங்கள், உள்ளே மஞ்சள் விளிம்பு தெரிந்தால் பை அங்கே இருக்கிறது. காம்பில் ஒரு நூல் கட்டித் தேதி எழுதிவையுங்கள். அந்தப் பூ காயாகிறதா, எத்தனை நாளில் காற்றடைக்கிறது என்பதை நம் ஊர்ச் செடியிலேயே பார்த்துவிடலாம். படங்களை இதே இழையில் போடுங்கள்.