டி-போர்டு (டாக்ஸி) வண்டி வாங்கினேன், ஆயில் குடிக்குது. இன்ஜின் பிரிக்கணுமா?

திருப்பூர்க்காரன்:
போன தை மாசம், கால் டாக்ஸியா ஓடின பெட்ரோல் செடான் ஒண்ணு வாங்கினேங்க. 2018 மாடல், மீட்டர் 1,42,000. ஓன் போர்டுக்கு, அதாவது சொந்த உபயோகத்துக்கு மாத்திட்டேன். ஆயில் மாத்தி 1,000 கி.மீ. கூட ஓடல, ஆயில் அளவு பார்க்கிற ஸ்டிக்ல மேல் கோட்டுல இருந்து கீழ் கோட்டுக்கு இறங்கிடுச்சு. வண்டிக்கு அடியில ஒரு சொட்டு ஒழுகல. ஒர்க்‌ஷாப்ல இன்ஜின் பிரிக்கணும், 60,000 ஆகும்னு சொல்றாங்க. நகையை அடகு வச்சு வாங்கின வண்டிங்க. வேற வழி இருக்குதுங்களா?

பீளமேடு மெக்கானிக்:
தம்பி, பிரிக்க உடனே ஒத்துக்காதீங்க. புகை எப்போ வருதுன்னு முதல்ல பாருங்க. காலையில ஸ்டார்ட் பண்ணதும் நீலமா குப்புனு வந்து அடங்கிட்டா வால்வு சீல் (வால்வு வழியா ஆயில் இறங்காம தடுக்கிற ரப்பர்) போயிருக்கும். ராத்திரி இன்ஜின் மேல் பாகமான ஹெட்ல நின்ன ஆயில் சீல் வழியா இறங்கியிருக்கும். ஓடும்போது மிதிக்க மிதிக்கத் தொடர்ந்து வந்தா பிஸ்டனைச் சுத்தி இருக்கிற ரிங் பக்கம் சந்தேகப்படணும்.

இந்த மாதிரி வண்டியில மீட்டரை மட்டும் நம்ப முடியாதுங்க. சவாரிக்குக் காத்திருக்கிறப்போ ஏ.சி. போட்டு நின்ன நேரமெல்லாம் மீட்டர்ல ஏறாது, இன்ஜின் மட்டும் சுத்திட்டே இருக்கும். ஒரு மணி நேரம் அப்படி நின்னா 40, 50 கி.மீ. ஓடினதா நான் கணக்கு வைப்பேன். ஆயில் மாத்துறதையும் தள்ளிப்போட்டிருந்தா, பிஸ்டன்ல கடைசியா இருக்கிற ஆயில் ரிங் கரி பிடிச்சு ஒட்டிக்கும். அந்த ரிங் உக்காந்திருக்கிற பள்ளத்துல சின்னச் சின்ன ஓட்டை இருக்கும். சிலிண்டர் சுவர்ல இருந்து வழிச்ச ஆயில் அது வழியாத்தான் கீழே சம்ப்புக்கு (ஆயில் தொட்டிக்கு) திரும்பணும். அது அடைச்சா ஆயில் மேலே தங்கி எரியும். கம்ப்ரஷன் (சிலிண்டர் அழுத்தம்) பார்த்தா நல்லாவே காட்டும், ஏன்னா மேல் ரிங் ரெண்டும் தேஞ்சிருக்காது. அதை வச்சு ரிங் நல்லா இருக்குன்னு முடிவு பண்ணிடாதீங்க.

இன்ஜினுக்குள்ள சேருற ஆவியை வெளியே இழுத்து விடுற பி.சி.வி. வால்வைக் கழட்டிக் குலுக்குங்க, அடைக்காம இருந்தா கடகடன்னு கேட்கணும். நாலு பிளக்கையும் கழட்டி வரிசையா வச்சு போட்டோ போடுங்க.

மாஜி டிரைவர்:
அண்ணன் சொல்றது நிஜம். ஆறு வருஷம் அப்படிப்பட்ட வண்டிதான் ஓட்டினேன். பகல்ல ஒருத்தர், ராத்திரி ஒருத்தர், பானெட் ஆறினதே இல்ல. ஆயில் குறைஞ்சா கைக்குக் கிடைச்சதை ஊத்திட்டுக் கிளம்புவோம். கிரேடு யாரும் பார்க்கல. உங்க வண்டியில என்ன கிரேடு இருக்குதுன்னு பாருங்க.

திருப்பூர்க்காரன்:
பி.சி.வி. சத்தம் வருதுங்க. காலையில புகை இல்ல, ஓடும்போதுதான். மூணாவது பிளக் மட்டும் நுனி கருப்பா ஈரமா இருக்கு, விரல் வச்சா பிசுபிசுங்குது. மத்த மூணும் காஞ்சிருக்கு.

பீளமேடு மெக்கானிக்:
அப்போ மூணாவது சிலிண்டர்ல ரிங் ஒட்டியிருக்க வாய்ப்பு அதிகம். பிளக் ஓட்டை வழியா கார்பன் கிளீனர் ஊத்தி ராத்திரி ஊற விடச் சொல்லுங்க. காலையில பிளக் போடாமலே கிராங்க் பண்ணி (ஸ்டார்ட்டரால இன்ஜினைச் சுத்தி) உள்ளே நிக்கிறதை வெளியே தள்ளணும். இதை மறந்துட்டா பிஸ்டனைப் பிடிச்சிருக்கிற கனெக்டிங் ராடு வளைஞ்சிடும். அப்புறம் ஆயிலும் ஃபில்டரும் புதுசு. எல்லா வண்டிக்கும் இது கேட்காது, ஆனா பிரிக்கிறதுக்கு முன்னாடி செஞ்சு பார்க்கணும்.

திருப்பூர்க்காரன்:
ரெண்டு தடவை ஊற வச்சோம்ங்க. நேத்தோட 1,000 கி.மீ. ஆச்சு, டாப்-அப்புக்குக் கால் லிட்டர்தான் பிடிச்சுது. ரொம்ப நன்றிங்கண்ணா. பிரிக்கல.

பீளமேடு மெக்கானிக்:
சந்தோஷம் தம்பி. இனி 5,000-க்கு ஒருக்கா ஆயில் மாத்துங்க. ஞாயித்துக்கிழமை சமதளத்துல நிறுத்தி, இன்ஜின் ஆஃப் பண்ணிப் பத்து நிமிஷம் கழிச்சு ஸ்டிக் பார்த்து எழுதி வைங்க. மறுபடியும் 1,000 கி.மீ.க்கு அரை லிட்டரைத் தாண்டுச்சுன்னா வண்டியை நேர்ல கொண்டு வாங்க. விட்டுட்டா புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்டரும் கெட்டுப்போகும், அந்தச் செலவு தனி.