எம்பாப்பே போல்ட்டை விட வேகமானவரா? மற்ற விளையாட்டு வீரர்களின் ஓட்டத்தைப் பற்றிய விவாதம்

பந்துப்பித்தன்:
பிரான்ஸ் கால்பந்து வீரர் கிலியான் எம்பாப்பே ஓர் ஆட்டத்தில் மணிக்கு 38 கி.மீ. வேகத்தில் ஓடியதாகச் செய்திகள் வந்தன. உசைன் போல்ட் 2009இல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 வினாடியில் கடந்து உலக சாதனை படைத்தபோது அவருடைய வேகம் மணிக்கு 37.58 கி.மீ. ஆர்சனல் அணிக்கு ஆடிய ஹெக்டர் பெயரின் 40 மீட்டரை 4.42 வினாடியில் ஓடியதாகவும் படித்தேன். போல்ட் அதே பெர்லின் ஓட்டத்தில் முதல் 40 மீட்டருக்கு 4.64 வினாடி எடுத்துக்கொண்டார். கால்பந்து வீரர்கள் மட்டும் தடகளத்துக்குப் போயிருந்தால் ஒலிம்பிக் இறுதிச்சுற்றில் பாதிப் பேர் அவர்களாகத்தான் இருந்திருப்பார்கள் என்று நான் சொன்னால் மறுக்க முடியுமா?

ஓடுபாதை சேகர்:
மறுக்க முடியும், நண்பரே. 37.58 என்பது நின்ற இடத்திலிருந்து கிளம்பிய நேரத்தையும் சேர்த்து, முழு 100 மீட்டருக்கும் கணக்கிட்ட சராசரி. எம்பாப்பேயின் 38 என்பது, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவர் ஏதோ ஒரு கணத்தில் தொட்ட உச்சம். உச்சத்தை உச்சத்தோடு வைத்துப் பார்த்தால், போல்ட் பெர்லினில் 60 மீட்டருக்கும் 80 மீட்டருக்கும் இடையில் மணிக்கு ஏறக்குறைய 44.7 கி.மீ. வேகத்தில் ஓடினார். அந்த உச்சத்தில் இருவரும் அருகருகே ஓடினால், ஒவ்வொரு வினாடிக்கும் போல்ட் கிட்டத்தட்ட 1.9 மீட்டர் முன்னேறிப் போய்க்கொண்டிருப்பார்.

பெயரின் கணக்கிலும் இதே கோளாறுதான். போல்ட்டின் 4.64இல், துப்பாக்கி வெடித்ததிலிருந்து அவர் உடல் அசைவதற்கு ஆன 0.146 வினாடியும் அடக்கம். கிளப் சோதனைகளில் துப்பாக்கியே கிடையாது. வீரர் தனக்குத் தோன்றும்போது கிளம்புவார். பொதுவாக, குறுக்கே போகும்போது கடிகாரத்தை ஓடவைக்கும் முதல் ஒளிக்கதிருக்குச் சற்றுப் பின்னால் நின்று புறப்படுவதால், கடிகாரம் ஓடத் தொடங்கும்போது அவர் ஏற்கெனவே நகர்ந்துகொண்டிருப்பார். கோடைத் தொடுமுன்பே வேகம் எடுத்துவிட்டவரையும், குத்துக்காலிட்டு அமர்ந்து வெடிச்சத்தத்துக்குக் காத்திருந்தவரையும் எப்படி ஒரே தராசில் நிறுத்துவது?

பந்துப்பித்தன்:
சரி, கால்பந்தை விடுங்கள். அமெரிக்கக் கால்பந்தில் வீரர்களைத் தேர்ந்தெடுக்க வைக்கும் 40 கெஜ (ஏறக்குறைய 36.6 மீட்டர்) ஓட்டத்தை எல்லோரும் ஒரே முறையில்தான் ஓடுகிறார்கள். 2017இல் ஜான் ராஸ் என்ற வீரர் 4.22 வினாடியில் ஓடினார். 2019இல் அட்லாண்டாவில் போல்ட்டே அதை ஓடிப் பார்த்தார். அவருக்கும் அதே 4.22தான் வந்தது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

ஓடுபாதை சேகர்:
அப்போது அவருக்கு 32 வயது. ஓய்வு பெற்று ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. சாதாரணக் காலணியும் நீளக் கால்சட்டையும் அணிந்து, ஒரு கண்காட்சி அரங்கில் விளையாட்டாக ஓடினார். இந்த உதாரணம் உங்கள் கட்சிக்கு எப்படி உதவும் என்று எனக்கு விளங்கவில்லை.

பழைய பி.டி. மாஸ்டர்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். பள்ளி விளையாட்டு விழாக்களில் பல ஆண்டுகள் ஸ்டாப்வாட்ச் பிடித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். 100 மீட்டர் முடிவுக்கோட்டில் நிற்பவர் துப்பாக்கியின் புகையைப் பார்த்துத்தான் பொத்தானை அழுத்த வேண்டும். சத்தத்தைக் கேட்டு அழுத்தினால், அது 100 மீட்டர் கடந்து வருவதற்கே 0.3 வினாடி ஆகிவிடும். அவ்வளவும் பையனுக்கு இனாம். இதை எத்தனை முறை சொன்னாலும் புதிதாக வரும் ஆசிரியர் ஒருவர் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சத்தத்துக்கே அழுத்துவார். அன்று மாலைக்குள் அந்தப் பள்ளியில் ஒரு 'மாநிலச் சாதனையாளர்' பிறந்துவிடுவான். அடுத்த போட்டியில் எலக்ட்ரானிக் கடிகாரம் வைத்ததும் காணாமல் போவான்.

நீங்கள் சொல்லும் 40 கெஜத் தேர்விலும், வீரரின் முதல் அசைவைக் கண்ணால் பார்த்து ஒருவர் கையால்தான் கடிகாரத்தைத் தொடங்குகிறார். முடிவு மட்டுமே எலக்ட்ரானிக். பார்ப்பவரின் விரல் தாமதிப்பது முழுவதும் ஓடுபவருக்கு லாபம். ஆகவே போல்ட்டின் 4.22ஐயும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன், சேகர் சார்.

உண்மையான சோதனை ஒன்று நடந்தது. 40 கெஜத்தை 4.33 வினாடியில் ஓடியிருந்த அமெரிக்கக் கால்பந்து வீரர் டி.கே. மெட்காஃப் 2021 மே மாதம் கலிபோர்னியாவில் தொழில்முறை ஓட்டக்காரர்களோடு 100 மீட்டர் தகுதிச்சுற்றில் இறங்கினார். ஒலிம்பிக் தேர்வுக்கே போய்விடுவார் என்று பேச்சு அடிபட்டது. 10.37 வினாடியில் ஓடி, ஒன்பது பேரில் கடைசியாக வந்தார்.

நெடுந்தூரம்:
குறுவிரைவோட்டத்தில் மட்டும்தான் இந்த மிகைப்பேச்சு என்று நினைக்க வேண்டாம். கால்பந்து வீரர் ஓர் ஆட்டத்தில் 10 முதல் 12 கி.மீ. ஓடுகிறார், எனவே மாரத்தான் அவருக்குச் சுலபம் என்பார்கள். அந்தத் தூரத்தில் பெரும்பகுதி நடையும் மெல்லோட்டமும்தான் என்பதைச் சொல்ல மாட்டார்கள். சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் 2006இல் நியூயார்க் மாரத்தானில் ஓடினார். வழித்துணையாக ஆல்பர்ட்டோ சலாசர், ஜோன் பெனாய்ட் சாமுவேல்சன், ஹிஷாம் எல் குவெரூஜ் ஆகிய மூன்று ஓட்டப்பந்தய ஜாம்பவான்கள் மாறிமாறி உடன் வந்தும், 2 மணி 59 நிமிடம் 36 வினாடியில்தான் முடித்தார். அன்று வென்ற பிரேசில்காரர் 2:09:58இல் முடித்திருந்தார். தன் வாழ்க்கையில் உடலளவில் இதைவிடக் கடினமான எதையும் செய்ததில்லை என்று ஆம்ஸ்ட்ராங்கே ஒப்புக்கொண்டார். நுரையீரலும் இதயமும் சைக்கிளில் எவ்வளவு பழகியிருந்தாலும், தரையில் அடிபடுவதற்குக் கெண்டைக்காலும் எலும்பும் தனியாகப் பழக வேண்டியிருக்கிறது.

பந்துப்பித்தன்:
உச்சத்தையும் சராசரியையும் நான் குழப்பிக்கொண்டது தவறுதான். ஆனால் மெட்காஃபை நீங்கள் எல்லோரும் கேலிப்பொருளாக்குவதை ஏற்க மாட்டேன். அவர் 193 செ.மீ. உயரமும் ஏறக்குறைய 104 கிலோ எடையும் கொண்டவர். இடித்துத் தள்ளுவதற்காக வளர்த்த உடம்பு அது. நம் அனிமேஷ் குஜூர் 2025 ஜூலையில் கிரீஸில் 10.18 ஓடி இந்தியத் தேசிய சாதனை படைத்தார். அதற்கும் 10.37க்கும் இடைவெளி ஏறக்குறைய இரண்டு மீட்டர்தான். ஓட்டமே தொழிலாக இல்லாத ஒருவரிடமிருந்து இது வருவது சாதாரணமா? பாப் ஹேஸையும் மறந்துவிட்டீர்கள். 100 மீட்டரில் ஒலிம்பிக் தங்கம் வென்றவர், டல்லாஸ் கௌபாய்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணிக்கும் ஆடினார் அல்லவா?

ஓடுபாதை சேகர்:
10.37 சாதாரணம் என்று நான் சொல்லவே இல்லை. ஒலிம்பிக் இறுதிச்சுற்று என்ற உங்கள் பேச்சுக்குத்தான் மறுப்பு. ஹேஸ் 1964இல் டோக்கியோவில், முந்தைய போட்டிகளில் மிதிபட்டுக் குழம்பியிருந்த முதல் பாதையில், இரவல் வாங்கிய ஒரு காலணியோடு ஓடித் தங்கம் வென்றார். டல்லாஸுக்காக ஆடத் தொடங்கியது 1965இல். தங்கம் வென்ற பிறகு தொழில்முறைக் கால்பந்துக்குப் போனவரை, அதிலிருந்து தடகளத்துக்கு வந்தவராக நீங்கள் எண்ணுகிறீர்கள்.

பந்துப்பித்தன்:
ஹேஸை விட்டுக்கொடுக்கிறேன். இந்த இழையின் தலைப்பையும் மாற்றச் சொல்லி நிர்வாகிக்கு எழுதிவிட்டேன். மெட்காஃபின் 10.37ஐ மட்டும் விடுவதாக இல்லை.