சமையலறையை எட்டிப் பார்க்காத அக்கா

முதல் குழந்தை பிறந்து மூன்றாவது வாரம். "நாளைக்குக் காலையில வீட்டுக்கு வரலாமா?" என்று, பிரசவமான வீடுகளுக்கு வந்து தாயையும் குழந்தையையும் பார்க்கும் செவிலியர் அக்கா போனில் கேட்டார். சரி என்று சொல்லிவிட்டேன். போனை வைத்ததும் பயம் பிடித்துக்கொண்டது. வீடு கிடக்கிற கிடப்பைப் பார்த்து என்ன எழுதிக்கொள்வாரோ? தையல் வலியோடு ராத்திரி எழுந்து துணிக்குவியலைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

வந்தவர் சமையலறைப் பக்கம் திரும்பக்கூட இல்லை. "நான் எங்க உட்காரட்டும்?" என்று கேட்டார். நாற்காலியைக் காட்டினேன். நான் குழந்தையோடு தரையில் இருந்ததால் அவரும் தரையிலேயே உட்கார்ந்துகொண்டார். குழந்தை அழுதுகொண்டே இருந்தான். அவர் வாங்கிச் சமாதானம் செய்வார் என்று எதிர்பார்த்தேன். கை நீட்டவே இல்லை. கொஞ்சம் கோபம்கூட வந்தது.

"நீங்க அவன்கிட்ட ஏதாவது பேசுங்க" என்றார்.

என்ன பேசுவது? "என்னடா தங்கம், என்ன ஆச்சு?" என்றேன். அழுகை ஒரு நொடி நின்றது. வாய் ஓ என்று குவிந்தது. கண் மெதுவாக என் முகத்துக்கு வந்தது. "பாத்தீங்களா? உங்க குரலை வயித்துக்குள்ள இருக்கும்போதே கேட்டுப் பழகியிருக்கான். என் குரல் அவனுக்கு யாரோ ஒருத்தருடையது" என்றார். மூன்று வாரத்தில் எனக்கு ஏதோ ஒன்று தெரியும் என்று தோன்றியது அப்போதுதான்.

அப்புறம் ஒரு தாளை எடுத்துப் பத்துக் கேள்விகள் கேட்டார். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டுபிடிக்கப் பல நாடுகளில் பயன்படுத்தும் எடின்பரோ அளவுகோல் அது என்று பிறகு தெரிந்துகொண்டேன், 1987இல் வந்தது. காரணமில்லாமல் கவலையோ பதற்றமோ வந்ததா என்ற கேள்விக்கு வாயைத் திறந்தேன், பதில் வரவில்லை, அழுகைதான் வந்தது. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். 'எல்லாருக்கும் இப்படித்தான்' என்று சொல்லவில்லை, அதற்காக இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன். நான் ஓய்ந்த பிறகு மிச்சக் கேள்விகளையும் கேட்டு முடித்தார். கடைசிக் கேள்வி, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அதையும் தயங்காமல் நேராகக் கேட்டார். இல்லை என்றேன். எனக்கு எதிரிலேயே மருத்துவருக்குப் போன் செய்து நேரம் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்தார்.

உங்கள் வீட்டுக்கு வந்தவர்களைப் பற்றியும் சொல்லுங்கள்.

இரட்டைக் குழந்தைகளின் அப்பா:
எங்கள் வீட்டுக்கு வந்தவர் முதல் நாளே என்னைப் பெயர் சொல்லிக் கேட்டார். அதுவரை மருத்துவமனையில் எல்லாரும் என் மனைவியிடம்தான் பேசினார்கள், நான் பை தூக்குகிறவன். "ராத்திரி ரெண்டாவது தடவை எழுந்தா யார் பாக்கறீங்க?" என்றார். நான்தான் என்றேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருகைக்கும் விடுப்பு போட்டுக் காத்திருந்தேன்.

ஒரு அம்மா:
எனக்கு நல்ல அனுபவம் இல்லை. வந்தவர் உள்ளே நுழைந்ததும் பேச ஆரம்பித்தார், தாளில் கட்டம் கட்டமாக டிக் அடித்தார், பால் போதவில்லை என்றார், போய்விட்டார். நான் பால் கொடுப்பதை அவர் ஒரு தடவைகூட உட்கார்ந்து பார்க்கவில்லை. அடுத்த முறை மணி அடித்தபோது கதவைத் திறக்கவில்லை.

11 வருடமாக வீடுகளுக்குப் போகிறவள்:
அந்தக் கதவு ஏன் திறக்கவில்லை என்று எனக்குப் புரிகிறது. ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் கட்டம் நிரப்பினேன், அதை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

பயிற்சியில் எங்களுக்கு ஜமைக்காவைப் பற்றிச் சொன்னார்கள். 1986-87இல் கிங்ஸ்டனில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் பாதிப்பேர் வீடுகளுக்கு வாரம் ஒரு மணி நேரம், இரண்டு வருடம், சமூக சுகாதாரப் பணியாளர்கள் போனார்கள். கையில் வீட்டுச் சாமான்களில் செய்த பொம்மைகள். அம்மாவைக் குழந்தையோடு விளையாட வைப்பதுதான் வேலை. 20 வருடம் கழித்துப் பார்த்தால், அந்தக் குழந்தைகள் அப்படி யாரும் போகாத வீட்டுக் குழந்தைகளைவிட 25% அதிகம் சம்பாதித்தார்கள். எல்லா இடத்திலும் இப்படி நடந்துவிடவில்லை. இங்கிலாந்தில் இளம் தாய்மார்களின் வீடுகளுக்குச் செவிலியர்கள் போகும் திட்டத்தை ஆராய்ந்து 2015இல் வெளியிட்டபோது, குழந்தையின் பிறப்பு எடை உட்பட முக்கியமாக எதிர்பார்த்தவற்றில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வழக்கமான கவனிப்பே அங்கே ஓரளவு நன்றாக இருப்பது ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன்.

இப்போது நான் போனதும் முதல் பத்து நிமிடம் தாளை எடுப்பதில்லை. பொம்மை கொண்டுபோனால் குழந்தை கையில் தருவதில்லை, அம்மா கையில்தான் தருவேன். ஒரு வீட்டில் தண்ணீர் பாட்டிலில் உருட்டுக் கற்கள் போட்டு, மூடியைப் பசை வைத்து இறுக்கி ஒட்டி, கிலுகிலுப்பை செய்தோம். அடுத்த வாரம் போனால் அந்த அம்மா தானாகவே இன்னொன்று செய்து வைத்திருந்தார், சத்தம் குறைவாக. "அது சத்தம் ஜாஸ்தி, பயந்துக்கறா" என்றார். அவர் மகளை அவ்வளவு கவனித்திருக்கிறார். நான் சொல்லிக் கொடுக்க எதுவும் மிச்சமில்லை என்று அன்றைக்குச் சந்தோஷமாகத் திரும்பினேன்.

முதலில் எழுதியவள்:
கதவைத் திறக்காத சகோதரி, வேறொருவரை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், தப்பே இல்லை. எட்டாம் மாதத்தில் இருக்கும் ஒரு தோழி, செவிலியர் வருவதற்குள் என்னென்ன தயார் செய்து வைக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். துணிக்குவியல் கிடக்கட்டும். கேட்க நினைப்பதை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அவர் வந்து உட்கார்ந்ததும் பாதி மறந்துபோகும்.