டெபியன்: ஸ்டேபிளா, டெஸ்டிங்கா, சிட்டா?

கேள்வி:
வேலைக்கு வைத்திருக்கும் லேப்டாப்பில் டெபியன் லினக்ஸ் போடலாம் என்று இருக்கிறேன். அதன் மூன்று கிளைகளில், சோதித்து வெளியிட்ட ஸ்டேபிளில் எல்லாம் பழசு என்கிறார்கள், புதுப் பதிப்புகள் முதலில் வந்து சேரும் சிட் அடிக்கடி உடையும் என்கிறார்கள். அப்போ நடுவில் இருக்கிற டெஸ்டிங்கைப் போட்டுவிடலாமா? எனக்கு வேண்டியது புது கெர்னலும் (சிஸ்டத்தின் மையப் பகுதி) புது லிப்ரே ஆபிஸும்தான்.

பதில் 1:
வேண்டாம். பாதுகாப்பு என்று பார்த்தால் மூன்றில் டெஸ்டிங்தான் கடைசி. ஸ்டேபிளுக்குப் பாதுகாப்புக் குழு நேராகத் திருத்தம் வெளியிடுகிறது, சிட்டில் அந்தந்த மென்பொருள் பேக்கேஜைப் பராமரிப்பவரே புதுப் பதிப்பை ஏற்றிவிடுவார். டெஸ்டிங்குக்கோ பெரும்பாலும் அந்தத் திருத்தம் சிட்டில் சில நாள் கிடந்து, பெரிய பிழை ஏதும் புதிதாக வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் வரும். அது சார்ந்திருக்கும் வேறொரு பேக்கேஜ் சிக்கிக்கொண்டால் இதுவும் வாரக்கணக்கில் அங்கேயே நிற்கும், அதுவரை பாதுகாப்பு ஓட்டை திறந்தேதான் இருக்கும்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் சிட் பக்கமே போகாதே என்று யாரும் சொல்லாதீர்கள். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற ஃபைல் சுருக்கும் மென்பொருளில் ஒளித்து வைத்த பின்கதவு வெளிவந்தது நினைவிருக்கிறதா? பின்கதவு இருந்த 5.6.0, 5.6.1 பதிப்புகள் சிட்டிலும் டெஸ்டிங்கிலும் புகுந்துவிட்டன, அன்றைய ஸ்டேபிளான புக்வார்மில் இருந்தது 5.4.1, அதனால் தப்பித்தது. அதைக் கண்டுபிடித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் ஓட்டிக்கொண்டிருந்தது சிட்தான்! எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வழி) நுழைவு அரை விநாடி தாமதமாகிறதே என்று தோண்டிப் பார்த்திருக்கிறார். அப்படி நாலு பேர் சிட் ஓட்டுவதால்தான் நம் ஸ்டேபிள் ஸ்டேபிளாக இருக்கிறது. உங்களிடம் வேறொரு பழைய மெஷின் இருந்தால் அதில் போட்டு, பிழை கண்டால் அறிக்கை அனுப்புங்கள், பெரிய உதவி.

கேட்டவர்:
சரி, ஸ்டேபிளே போடுகிறேன். புது கெர்னலுக்கு என்ன வழி?

பதில் 1:
ஸ்டேபிளின் ட்ரிக்ஸி பதிப்பு 2025 ஆகஸ்டில் வந்தது, கெர்னல் 6.12. முதலில் அதையே ஓட்டிப் பாருங்கள், வைஃபையும் கிராஃபிக்ஸும் ஒழுங்காக ஓடினால் புதுசு தேவையே இல்லை. ஓடவில்லை என்றால் சோர்சஸ் ஃபைலில் (பேக்கேஜ்களை எங்கிருந்து எடுப்பது என்ற பட்டியல்) பேக்போர்ட்ஸ் வரியைச் சேர்த்து, கெர்னலை மட்டும் அங்கிருந்து எடுங்கள். டெஸ்டிங்கில் இருப்பதை ஸ்டேபிளுக்கென்று மறுபடி கட்டித் தருகிறார்கள். லிப்ரே ஆபிஸும் அங்கே கிடைக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் ஃப்ளாட்பாக் (எந்த லினக்ஸிலும் தனியாக நிறுவும் பேக்கேஜ் முறை). சிட் வரியை மட்டும் ஸ்டேபிளோடு கலக்கவே கலக்காதீர்கள், ஒரு பேக்கேஜுக்காகப் போய் அது பெரும்பாலான நிரல்கள் சார்ந்திருக்கும் சி லைப்ரரி வரை இழுத்துக்கொண்டு வரும்.

பதில் 2:
அப்புறம் சோர்சஸ் ஃபைலில் ‘ஸ்டேபிள்’ என்று எழுதாமல் ‘ட்ரிக்ஸி’ என்றே எழுதுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வெளியீட்டு நாளில் சாதாரண அப்டேட் என்று நினைத்துக் கொடுப்பது முழு சிஸ்டத்தையும் அடுத்த பதிப்பான ஃபோர்க்கிக்கு மாற்றத் தொடங்கிவிடும்.