1962 போர்: ஒற்றுமையின் பெயரால் கேள்வியைத் தள்ளிவைக்கலாமா?

தென்னவன்:
போர் நடக்கும்போது ஆட்சியாளரைப் பதவி விலகச் சொல்வது தேசிய ஒற்றுமையைக் குலைக்கும் என்பது என் கருத்து. 1962 அக்டோபர் 20 அன்று சீனப் படை தாக்குதலைத் தொடங்கியபோது, தனிநாடு கேட்டுவந்த தி.மு.க. அக்கோரிக்கையை ஒதுக்கிவைத்து அரசுக்குத் துணை நின்றது. விலைவாசிப் போராட்டத்திற்காக வேலூர்ச் சிறையில் இருந்த அண்ணா, வீடு இருந்தால்தான் ஓடு மாற்ற முடியும் என்று கூறியதாகத் தமிழ்நாட்டில் இன்றும் சொல்கிறார்கள். கணக்குக் கேட்பதற்கும் காலம் வந்தது. 1963 ஆகஸ்டில் எதிர்க்கட்சி வரிசையிலிருந்த கிருபளானி, நேரு அரசுக்கு எதிராக மக்களவையில் முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார். 62 பேர் ஆதரித்தனர், 347 பேர் எதிர்த்தனர். அதுவே முறை.

வைகறை:
நண்பர் தென்னவன் அவர்களே, நடந்தவற்றின் வரிசையைப் பாருங்கள். போர் மூண்ட சில நாட்களிலேயே ஆளும் காங்கிரஸ் உறுப்பினர்களே பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனை நீக்கும்படி வற்புறுத்தினர். அக்டோபர் 31 அன்று பாதுகாப்புத் துறை அவரிடமிருந்து போயிற்று, நவம்பர் 7 அன்று அமைச்சரவையிலிருந்தே விலகினார். வாஜ்பாய் உள்ளிட்டோர் கேட்டபடி நாடாளுமன்றம் முன்கூட்டியே நவம்பர் 8 அன்று கூடியது. இத்தனையும் போருக்கு நடுவே நடந்தன. ஒற்றுமை குலைந்ததா? மேனன் விலகிய ஒரே வாரத்தில், நவம்பர் 14 அன்று, ஆக்கிரமிப்பாளரை விரட்டும் உறுதியை மக்களவை ஒருமனதாக நிறைவேற்றியது.

வடகிழக்கு எல்லையில் உள்ள நம்கா சூ ஆற்றங்கரைக்கு அனுப்பப்பட்ட வீரர்கள் பலர், இமயக் குளிரில் கோடைக்கால பருத்திச் சீருடையோடு, கைவசம் இருந்த கொஞ்சம் தோட்டாக்களை நம்பி நின்றனர். அவர்களை அங்கே நிறுத்தியவர் யார் என்று கேட்பது அவர்களுக்குச் செய்யும் துரோகமாகாது.

தென்னவன்:
வரிசை சரிதான், ஆனால் விளைவைப் பாருங்கள். கோபம் முழுவதும் மேனன் மீது இறங்கியதால் மற்றவர்கள் தப்பினர். போர்முனையில் படைப்பிரிவை நடத்த வேண்டிய ஜெனரல் கௌல், உடல்நலம் குன்றித் தில்லிக்குத் திரும்பிய பின்னும் படுக்கையிலிருந்தே ஆணையிட்டார். அந்த நியமனத்திற்கு நேருவே பொறுப்பல்லவா? போரின் நடுவே கேட்கப்படும் கணக்கு ஓர் ஆளைத் தேடிப் பிடித்ததும் நின்றுவிடுகிறது.

கயல்:
இருவரும் தில்லியையே பார்க்கிறீர்கள். அசாமிலும் டார்ஜிலிங்கிலும் தலைமுறைகளாக வாழ்ந்த சீன வம்சாவளியினர் ஏறக்குறைய 3,000 பேரைக் குழந்தைகளோடு ரயிலேற்றி ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைத்தார்கள். சிலர் அங்கே ஆண்டுக்கணக்கில் கிடந்தனர். அன்று எல்லாரும் ஒன்றாக நின்றார்கள் என்று பெருமைப்படுகிறோம். இவர்களுக்காக நாடாளுமன்றத்தில் வலுவான குரல் எழாமல் போனதும் அந்த ஒற்றுமையின் பயன்தான்.

வைகறை:
கயல் சொன்னதோடு இதையும் சேர்க்க வேண்டும். சீனா போர்நிறுத்தம் அறிவித்தது 1962 நவம்பர் 21 அன்று. அக்டோபர் 26 அன்று அறிவிக்கப்பட்ட நெருக்கடி நிலையோ 1968 ஜனவரி வரை நீடித்தது. பிறகு கேட்கலாம் என்கிறார் தென்னவன். தோல்வியை ஆராய்ந்த படை அதிகாரிகள் ஹென்டர்சன் புரூக்ஸ், பகத் ஆகியோரின் அறிக்கை 1963-லேயே தயாரானது. நாடாளுமன்றத்திற்குக் கிடைத்தது மேனனுக்குப் பின் பாதுகாப்பு அமைச்சரான சவாணின் சுருக்கமான உரை மட்டுமே. 2010-லும் பாதுகாப்பு அமைச்சர் அந்தோணி, அதன் செய்திகள் இன்னும் பாதுகாப்புக்கு முக்கியமானவை என்று கூறி வெளியிட மறுத்தார். 2014-இல் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையாளர் வழியாகவே அதன் ஒரு பகுதி நமக்குத் தெரிந்தது. கார்கில் போரை ஆராய்ந்த சுப்ரமணியம் குழுவின் அறிக்கையோ, சில பகுதிகள் நீக்கப்பட்டாலும், 2000-ஆம் ஆண்டிலேயே அவையில் வைக்கப்பட்டது.

தென்னவன்:
அந்த அறிக்கையை வெளியிட வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. நெருக்கடி நிலையை நீட்டித்த குறைக்கு 1978-இன் 44-ஆவது திருத்தம் வழி செய்திருக்கிறது. இப்போது ஆறு மாதத்திற்கு ஒருமுறை நாடாளுமன்றம் மறுபடி ஒப்ப வேண்டும். ஆகவே காலக்கெடு வைத்த பொறுமையையே நான் கேட்கிறேன்.

வைகறை:
அந்தத் திருத்தம் நெருக்கடி நிலைக்குத்தான் கெடு வைக்கிறது. போர் குறித்த விசாரணை அறிக்கையை இத்தனை மாதத்திற்குள் அவையில் வைத்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இன்றுவரை சொல்லவில்லை. அப்படியொரு சட்டத்தை நீங்கள் ஆதரித்தால், உங்கள் பொறுமையை நானும் ஏற்கிறேன்.