எம்.ஏ. மானிடவியல் சேர வழி சொல்லுங்கள்

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். நான் பி.எஸ்சி. தாவரவியல் முடித்திருக்கிறேன், இப்போது எம்.ஏ. மானிடவியல் படிக்க ரொம்ப ஆசை. கொல்லிமலையில் ஆயா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் சாமை, தினை, கேழ்வரகு ஒவ்வொன்றிலும் எந்த ரகத்துக்கு என்ன பெயர், எந்தப் பட்டத்தில் விதைப்பார்கள் என்று கேட்டு எழுதி வைத்து ஒரு நாற்பது பக்க நோட்டே நிறைந்துவிட்டது, அதிலிருந்துதான் இந்தப் படிப்பு மேல் பிடிப்பு வந்தது.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1945-லிருந்தே மானிடவியல் துறை இருக்கிறது. இளங்கலையில் வேறு பாடம் படித்தவர்களுக்கு அங்கே இடம் கிடைக்கிறதா? புதுச்சேரி, ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு கியூட் பிஜி என்ற முதுகலைப் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், சரி, ஆனால் உடல்சார் மானிடவியல், தொல்லியல் எல்லாம் எனக்குப் புதுசு. எங்கிருந்து தொடங்கலாம்? அப்புறம் களப்பணிக்கு எத்தனை வாரம் வெளியூரில் தங்க வேண்டியிருக்கும், செலவு யார் பொறுப்பு? பின்னால் கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தகுதித் தேர்வு எழுத முதுகலையில் பொதுப் பிரிவுக்கு 55 சதவீதம் வேண்டுமே, மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள் என்பதையும் படித்தவர்கள் சொன்னால் பெரிய உதவி. வீட்டில் பி.எட். சேரச் சொல்கிறார்கள், அப்பாவிடம் பேச எனக்குச் சரியான விவரம் வேண்டும்.