புதுப்பிப்பு: போல்க்கா, வார்ஃப்டேலா? வாங்கியாச்சு

சுங்கை சிப்புட்டில் எங்கள் லயத்து வீட்டு ஹாலுக்கு போல்க் எக்ஸ்டி60, வார்ஃப்டேல் டைமண்ட் 12.3 ஆகிய இரண்டு ஸ்பீக்கர்களில் எது சரிவரும் என்று முன்பு கேட்டிருந்தேன். இரண்டையும் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

போல்க்கில் ஒலிக்காக அசையும் 6.5 அங்குல வட்டங்கள் மூன்று இருந்தாலும் ஒன்றுக்கு மட்டும்தான் ஆம்ப்ளிஃபயர் இணைப்பு. மற்ற இரண்டும் பெட்டிக்குள் இருக்கும் காற்றழுத்தத்தில்தான் அசைகின்றன. தவிலின் தொப்பிப் பக்கம் (கனத்த ஒலி தரும் பக்கம்) ஒலிக்கும்போது அப்படியே நெஞ்சில் இறங்குகிறது, அருமை!

ஆனால் குரலுக்கு வார்ஃப்டேல்தான். ஓதுவார் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கிறது. அம்மா தினமும் தேவாரம் கேட்பவர், அதனால் அதையே எடுத்தேன். சுவரை ஒட்டி வைத்தால் பாஸ் (கனத்த அடி ஒலி) குமுறுகிறது. ஓர் அடி முன்னால் இழுத்ததும் அடங்கிவிட்டது. பழைய ஆம்ப்ளிஃபயரே போதும் என்ற அண்ணன்மாருக்கு நன்றி, அதுவே நன்றாக ஓடுகிறது.